தாழ்ந்த குரலுக்கு ஏற்ற பெட்டி

இசையரங்கிலே உயர்ந்து ஒலிக்கும் குரலைப் புகழ்வோர் பலர். தாழ்ந்து ஒலிக்கும் குரலைக் கவனிப்போர் மிகச் சிலர். பாடகரின் பெயர் அழைப்பிதழில் வரும்; வயலின் வாசிப்பவரின் பெயரும் வரும். மிருதங்கத்தின் இடந்தலையில் எழும் ஆழ்ந்த ஒலியை எவரும் தனியே எடுத்துப் பேசுவதில்லை. ஆயினும் கச்சேரிக்குச் சற்று முன்னர் ரவையைக் குழைத்து அத்தோலிலே அப்பி, அதன் ஒலியைத் தாழ்த்திக்கொள்வதில் வித்துவான் காட்டும் கருத்தைக் கண்டவர்கள் அடியில் நிற்கும் ஒலியின் அருமையை உணர்வார்கள். அத்திவாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அஃதில்லாமல் வீடு நிற்பதுமில்லை.

மேனாட்டு வாத்தியங்களைக் கொண்ட இசைக்குழுக்களில் இந்த அத்திவாரத்தைத் தாங்குவது பேஸ் கிற்றார். இளையராஜாவின் பாடல்களைக் கூர்ந்து கேட்பவர்களுக்கு இதன் பெருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மெட்டு மேலே ஒரு வழியிற் செல்ல, அடியிலே பேஸ் தனக்கென ஒரு வழி வகுத்துக்கொண்டு நடந்து செல்லும். கலியாண வீட்டிலே பைலா தொடங்கியதும் பெரியவர்களின் கால்களும் தம்மையறியாமல் தாளம் போடுகின்றனவே, அதற்கும் இத்தாழ்ந்த குரலே பெரும்பாலும் காரணம்.

ஆனால் இவ்வாத்தியத்துக்கு ஒரு குறை உண்டு. தனித்து விட்டால் அது ஏறத்தாழ ஊமை. கலிபோர்ணியாவைச் சேர்ந்த லியோ பெண்டர் 1951 ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற பேஸ் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதற்கென்றே தனியாக ஓர் ஒலிப்பெட்டியை 1952 ஆம் ஆண்டிலே அவர் செய்யவேண்டியதாயிற்று. பிறந்த மறு ஆண்டே துணை தேடிய வாத்தியம் இது. அத்துணையைப் பாடநூலிலே விரியலாக்கி என்று எழுதுகின்றோம். இளைஞர்கள் சுருக்கமாக 'அம்ப்' என்கின்றார்கள். நானும் இங்கு அவர்கள் வழியையே பின்பற்றுகிறேன்.

எங்கள் மன்னார்த் தீவிலே ஐந்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு சிறிய இசைக்குழுவை நடத்துகின்றார்கள். இருவர் கடற்றொழில் செய்பவர்கள். ஒருவர் ஓட்டோ ஓட்டுபவர். ஒருவர் கடையொன்றிற் கணக்கெழுதுபவர். பேஸ் வாசிக்கும் ஐந்தாமவன் கல்லூரியிலே என்னிடம் பௌதிகவியல் கற்ற மாணவன். இந்து, கத்தோலிக்கர், முஸ்லிம் என்ற மூவகையினரும் இவ்வைவருள் அடக்கம். கலியாணம், பரிசளிப்பு, ஒளிவிழா என்று நூறு, இருநூறு பேர் கூடும் நிகழ்ச்சிகளே இவர்களுடைய அரங்கம். கிடைக்கும் ஊதியம் பெரிதன்று. எனினும் வலை வறண்ட மாதங்களில் வீட்டுக்கு அரிசி வாங்க அது உதவியிருக்கிறது.

2023 ஆம் ஆண்டின் சோளகக் காலத்தில் ஒருநாள் மாலை அந்தப் பேஸ்காரன் தன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்தான். அதுவரை சாதாரண கிற்றார் அம்ப் ஒன்றை இரவல் வாங்கி வாசித்து வந்தானாம். பேஸின் தாழ்ந்த ஒலியைத் தாங்குவதற்கென்று செய்யப்படாத அப்பெட்டியின் ஒலிபெருக்கிக் கூம்பு ஒரு கலியாணத்தன்று கிழிந்துபோயிற்று. உரியவருக்கு நட்டஈடு கொடுத்தாயிற்று. இனி இரவல் கிடையாது. சொந்தமாக ஒன்று வாங்காவிடில் குழுவிலே அவனுக்கு இடமும் கிடையாது. கையில் 140,000 ரூபா இருந்தது. அதிற் பாதி தாயார் கருவாடு விற்றுச் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. படகின் இயந்திரமும் பழுதுபார்க்கக் காத்திருந்தது.

"சேர், இவன் சொல்லுறது எனக்கு ஒண்டும் விளங்குதில்லை. காசு வீணாப் போகாம மட்டும் நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ" என்றார் அந்த அம்மையார். பௌதிகவியற் கேள்வித்தாள்கள் எத்தனையோ கண்டவன் நான். இதைப்போன்ற கடினமான வினாவை எதிலும் கண்டதில்லை.

காலமும் பொல்லாத காலம். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறிற்று. பின்னர் ஓரளவு இறங்கியதாயினும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கப்பலில் வரும் பொருளெல்லாம் விலையேறி நின்றன. ஆகவே ஒருமுறை வாங்கினாற் பல்லாண்டு உழைக்கவேண்டும் என்ற நிலை.

அவன் முன்னே மூன்று வழிகள் இருந்தன. கனடாவிலுள்ள மாமனார் ஒருவர் தம் பழைய அம்ப்பை இலவசமாக அனுப்பச் சம்மதித்திருந்தார். கொழும்பிலே 300 வாற்று வலுவும் 15 அங்குல ஒலிபெருக்கியும் கொண்ட பழைய பெட்டியொன்று பாதி விலைக்குக் கிடைப்பதாயிருந்தது. மூன்றாவது, 100 வாற்று வலுவும் 12 அங்குல ஒலிபெருக்கியும் உடைய புதிய பெட்டி. கைப்பணத்தில் பெரும்பகுதியை அது விழுங்கிவிடும். "இலவசத்தையும் 300 வாற்றையும் விட்டுவிட்டு 100 வாற்றுக்கு முழுக்காசைக் குடுக்கிறதோ, சேர்?" என்பது அவனது கேள்வி. நியாயமான கேள்விதான்.

முதலில் வாற்றுக் கணக்கைப் பார்த்தோம். வலு இருமடங்கானால் ஒலி இருமடங்காகக் கேட்கும் என்று பலர் எண்ணுகின்றார்கள். உண்மை அவ்வாறன்று. வலுவை இருமடங்காக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபெல்லே கூடும். அதைச் 'சற்றுக் கூடியிருக்கிறது' என்று காது கண்டுகொள்ளும், அவ்வளவே. கேட்பவருக்கு இருமடங்கு போலத் தோன்றவேண்டுமாயின் வலு ஏறத்தாழப் பத்து மடங்காக வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஒரு வாற்று வலுவைக் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் ஓர் ஒலிபெருக்கி 95 டெசிபெல்லும் வேறொன்று 98 டெசிபெல்லும் தரலாம். இரண்டாவதைத் தேர்ந்தவன், வலுவை இருமடங்காக்கிய பயனை விலையின்றிப் பெறுகிறான். ஆகவே, 'எத்தனை வாற்று?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'ஒரு வாற்றுக்கு எவ்வளவு ஒலி?' என்றும் கேட்கவேண்டும்.

கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். 95 டெசிபெல் தரும் ஒலிபெருக்கிக்கு 100 வாற்றைக் கொடுத்தால் ஒரு மீற்றரில் 115 டெசிபெல். வெட்டவெளியிலே தூரம் இருமடங்காகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல் குறையும். அவ்வாறாயின் 16 மீற்றர் தூரத்தில் 91 டெசிபெல் நிற்கும். சிறிய நிகழ்ச்சிக்கு இதுவே தாராளம். ட்ரம்ஸ் இல்லாத சிறு கூட்டமாயின் 40, 50 வாற்றும் போதும். ட்ரம்ஸ் இருந்தால் நூற்றுக்குக் குறையாதிருப்பது நல்லது.

கணக்கை நம்பாத இளைஞர்கள் காதை நம்புவார்கள். ஆகவே, தெரிந்தவர் ஒருவரிடம் 100 வாற்றுப் பெட்டியொன்றை ஒருநாள் மாலைக்குக் கேட்டு வாங்கி, மைதானத்தின் ஓரத்திலே வைத்தோம். மாணவன் தாழ்ந்த ஒலிக்குரிய திருகை முழுவதும் வலப்பக்கம் திருப்பி வாசித்தான். அருகிலே நெஞ்சு அதிர்ந்தது. 16 மீற்றர் தள்ளி நின்ற நண்பர்களுக்கோ தெளிவற்ற உறுமல் மட்டுமே கேட்டது. அத்திருகைப் பாதிக்குக் குறைத்து, நடு ஒலிக்குரிய திருகைச் சற்றே உயர்த்தச் சொன்னேன். அதே பெட்டியில், அதே வலுவில், ஒவ்வொரு சுரமும் தனித்தனியே கேட்டது. இளைஞர்கள் வியந்தார்கள்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. காற்றிலே அதன் அலைநீளம் எட்டு மீற்றருக்கு மேல். எங்கள் கரையிலே இழுத்து வைத்திருக்கும் பைபர் படகைவிட நீளம். அத்துணை நீண்ட அலையை எழுப்ப மிகுந்த வலு வேண்டும். அன்றியும் மனிதக் காது தாழ்ந்த ஒலிகளுக்கு மந்தமானது என்பதை பிளெச்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933 ஆம் ஆண்டிலேயே அளந்து காட்டினார்கள். ஆனால் அதே தந்தியில் 41 உடன் 82, 123 என்னும் மேற்சுரங்களும் எழுகின்றன. அவற்றைத் தெளிவாகக் கேட்டால் அடிச்சுரத்தை நமது மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. ஆதலின் சிறிய பெட்டியை வைத்திருப்பவன் அடியொலியை வலிந்து எழுப்பப் போராடாமல், நடு ஒலியைத் துலக்குவதே அறிவுடைமை.

அன்று காற்றும் ஒரு பாடம் நடத்திற்று. எங்கள் தீவின் காற்றைப்பற்றி நான் சொல்லவேண்டுவதில்லை. 'தம்பபவனி' என்னும் பெயரால் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட முப்பது காற்றாலைகள் தென்கரையோரமாக வரிசையில் நிற்கின்றன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. பத்துக் கோடி வாற்றுக்கு மேல் பிறக்கக்கூடிய தீவிலே நூறு வாற்றுக்கு நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்தது வேடிக்கைதான். அக்காற்று வீசும் திசையில் நின்றவர்களுக்குப் பேஸும் பாட்டும் நன்றாகக் கேட்டன. எதிர்த்திசையில் நின்றவர்களுக்கு மங்கிவிட்டன. தரையோரத்தில் மெதுவாகவும் மேலே விரைவாகவும் காற்று வீசுவதால், அதை எதிர்த்துச் செல்லும் ஒலி மேனோக்கி வளைந்து தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. மேடையைக் காற்றுக்கு முதுகு காட்டி அமைத்தால் ஒரு சதமும் செலவின்றி ஒலி பெருகும். மண்டபத்துக்குள்ளாயின் சுவரும் தரையும் துணைசெய்யும்; பெட்டியைச் சுவரோரமாகத் தரையிலே வைத்தால் தாழ்ந்த ஒலி தானாகவே வலுக்கும்.

இனி மாமனாரின் அன்பளிப்புக்கு வருவோம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. மின்சாரப் பொருளுக்கு இப்பழமொழி பொருந்தாது. பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் படம்பிடித்து அனுப்புமாறு கேட்டோம். 120 வோல்ற்று, 60 சுழற்சி என்று அதிலே பொறித்திருந்தது. நமது நாட்டு மின்சாரமோ 230 வோல்ற்று, 50 சுழற்சி. நேரே செருகினால் புகையே மிஞ்சும். இடையிலே ஒரு மின்மாற்றி வேண்டும். அதற்கு ஒரு விலை, ஒரு பாரம். கடல்கடந்து வருவதற்கு ஒரு கூலி. மூன்றையும் கூட்டிப் பார்த்தபோது இலவசம் இலவசமாயிருக்கவில்லை. (100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்கும் என்று தகட்டிலே எழுதிய புதிய வகைகளும் உள்ளன, ஆதலின் தகட்டைப் படியாமல் வேண்டாமென்று சொல்வதும் தவறு.) மாமனாரின் மனம் நோகாதபடி மாணவன் விளக்கமாக எழுதினான். அவர் அதற்குப் பதிலாக ஒரு கூட்டம் புதிய தந்திகளும் தரமான கம்பியொன்றும் அனுப்பிவைத்தார். இரண்டும் இங்கே விலைகூடிய பொருள்கள்.

கொழும்புப் பெட்டியைப் பார்க்க மாணவனே ரயிலேறிப் போனான். அங்கிருந்தபடி எனக்கு அனுப்பிய படங்களில் மற்றெல்லாவற்றையும்விட ஒன்று என் கண்ணைக் கவர்ந்தது. பிளக்கிலே மூன்று பின்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டே இருந்தன. 'எர்த்' பின்னை எவரோ வெட்டியெடுத்திருந்தார்கள். இரைச்சல் வராமலிருப்பதற்காக முன்பிருந்தவர் வெட்டியதாக விற்பவர் சொன்னாராம்.

அவ்விரைச்சலின் கதையும் அறியத்தக்கது. மின்சாரத்தின் 50 சுழற்சி, பேஸின் முதலிரண்டு தந்திகளின் அதிர்வுகளான 41 க்கும் 55 க்கும் நடுவே விழுகிறது. ஆகவே மற்ற வாத்தியங்களைவிடப் பேஸ் அம்ப்பிலே இந்த 'ம்ம்ம்' என்னும் ஒலி நன்றாகப் புலப்படும். அதை நீக்க எர்த்தை வெட்டுவது, தலைவலிக்காகத் தலையை வெட்டுவதற்கு ஒப்பாகும். உள்ளே ஒரு கம்பி தளர்ந்து உலோகத்தைத் தொட்டால் மின்சாரம் நிலத்துக்குச் செல்ல வழியின்றிக் கிற்றாரின் தந்திகளில் வந்து நிற்கும். வாசிப்பவன் ஒரு கையால் தந்தியையும் மறுகையால் ஒலிவாங்கியையும் பிடித்தால் அவன் உடலே கம்பியாகிவிடும். 1972 மே 3 ஆம் நாள் பிரித்தானியாவின் சுவான்சி நகரிலே, எர்த் சரியாக இணைக்கப்படாத ஒலிவாங்கியைத் தொட்ட லெஸ்லி ஹார்வி என்ற கிற்றார் கலைஞர் மேடையிலேயே உயிரிழந்தார்.

எங்கள் நிகழ்ச்சிகளோ திறந்தவெளியில், ஈரமணலில், ஜெனரேற்றர் மின்சாரத்தில் நடப்பவை. இளைஞர்கள் பல வேளைகளில் வெறுங்காலுடன் நிற்பார்கள். "தம்பி, அந்தப் பெட்டியைச் சும்மா தந்தாலும் வேண்டாம்" என்று தொலைபேசியிலே சொன்னேன். புதிய பிளக்கு மாட்டலாமே என்று அவன் கேட்டான். பின்னை வெட்டியவர் உள்ளேயும் எதையெல்லாம் வெட்டினாரோ என்றேன். அவன் வெறுங்கையுடன் தலைமன்னார் ரயிலிலே திரும்பினான்.

அப்பெட்டியை விட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. இக்குழுவின் வாகனம் ஓர் ஓட்டோ. மேனாட்டுப் பெரிய அரங்குகளில் வைக்கும் எட்டு ஒலிபெருக்கிப் பேஸ் பெட்டிகள் 60 கிலோவுக்கு மேல் நிறையுடையவை. அவற்றுக்கு லொறியும் வேண்டும், தூக்க ஆளும் வேண்டும். பழைய 15 அங்குலப் பெட்டிகளும் பாரத்தில் இளைத்தவையல்ல. ஆனால் 'டீ வகுப்பு' எனப்படும் புதிய முறையிற் செய்த அம்ப்புகள் வியக்கத்தக்க இலேசானவை. எடுத்துக்காட்டாக, பெண்டர் கம்பனியின் றம்பிள் 100 என்னும் வகை, 100 வாற்றும் 12 அங்குல ஒலிபெருக்கியும் உடையதாயிருந்தும் ஏறத்தாழப் பத்துக் கிலோவே நிற்கும். ஒரு கையிலே கிற்றார், மறுகையிலே அம்ப் என்று வாசிப்பவன் தானே கொண்டு செல்லலாம். வாகனக் கூலி மிச்சப்படுவதும் விலைக்கழிவே.

இவ்வகைக்கு ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. பழைய பெட்டியின் பழுதை எங்கள் கடைத்தெருவிலே வானொலி திருத்துபவர் ஈயம் உருக்கிச் சரிசெய்துவிடுவார். புதிய வகையிலோ நுண்ணிய சுற்றுப்பலகை முழுவதையுமே மாற்றவேண்டி வரலாம். ஆகவே உத்தரவாதக் காலம் எவ்வளவு, பழுதுற்றால் எங்கே அனுப்புவது என்பவற்றை எழுத்திலே பெற்றுக்கொண்ட பின்னரே பணத்தை நீட்டச் சொன்னேன். உப்புக்காற்றுக்குத் தடித்த உறை ஒன்றும், கம்பி செருகும் துளைகளை மாதமொருமுறை துடைக்கும் வழக்கமும் வேண்டும் என்றேன். கடற்கரையிலே துரு நம்மைக் கேட்டு வருவதில்லை.

கடைசியாக ஒன்றை உறுதிசெய்துகொண்டோம். அம்ப்பின் பின்பக்கத்திலே எக்ஸ்.எல்.ஆர். என்னும் மும்முனைத் துளை இருக்கிறதா என்று பார்த்தோம். கூட்டம் பெரிதாகும் நாட்களில் ஒலிபெருக்கிச் சேவைக்காரரின் பெரிய பெட்டிகள் வரும். அத்துளையிலிருந்து ஒரு கம்பியை அவருடைய கலவைப் பலகைக்குக் கொடுத்துவிட்டால் ஆயிரம் பேருக்கும் பேஸ் கேட்கும். நமது சிறிய அம்ப் வாசிப்பவனின் காதுக்கு மட்டும் துணைநிற்கும். இத்துளை இருக்குமாயின், பெரிய நாளுக்காகப் பெரிய பெட்டி வாங்கவேண்டிய தேவை இல்லை. ஆண்டிலே இரண்டு நாள் தேவைப்படும் வலுவுக்காக மற்ற நாட்களெல்லாம் பாரஞ்சுமப்பது எதற்கு?

இவ்வாறாக 100 வாற்றுப் பெட்டியே வீட்டுக்கு வந்தது. உறையும், ஜெனரேற்றர் மின்சாரத்துக்கு முன்னே மாட்டும் 'ட்ரிப் சுவிச்' ஒன்றும் வாங்கிய பின்னர் கையில் மிஞ்சியது சொற்பம். கடன் மட்டும் இல்லை.

பேசாலையிலே ஒரு கலியாணத்துக்கு முதல்நாள் ஒத்திகை நடந்தது. தாயாரும் வந்திருந்தார். மண்டபத்தின் கடைசி வரிசையில் என்னருகே அமர்ந்து சற்றுநேரம் கேட்டுவிட்டு, "சேர், இதில எது அவன்ர சத்தம்?" என்றார். சொல்லி விளங்கவைக்கும் காரியமா அது? மேடையை நோக்கிக் கைகாட்டி, மகனை மட்டும் நிறுத்தச் சொன்னேன். மற்ற நால்வரும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். பாட்டு நின்றுவிடவில்லை, ஆயினும் தரை நழுவியதுபோல எல்லாம் மெலிந்து, அந்தரத்தில் ஆடிற்று. மீண்டும் கைகாட்டினேன். தாழ்ந்த குரல் வந்து சேர்ந்தது. பாட்டுக்குக் கால் முளைத்தது. அம்மையார் ஒன்றும் பேசவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார். அடுத்து வந்த மூன்று நிகழ்ச்சிகளின் ஊதியத்தில் மகன் தன் பங்கை முழுவதும் கொடுக்க, படகின் இயந்திரமும் பழுது நீங்கிற்று.

மாணவர்களே, நாளை நீங்கள் வாங்கப்போவது ஒலிப்பெட்டியாயிருக்கலாம், தையல் இயந்திரமாயிருக்கலாம், நீரிறைக்கும் பம்பாயிருக்கலாம். விளம்பரத்திலே பெரிதாக அச்சிட்ட எண்ணை முதலிற் பாராதீர்கள். இதை எங்கே பயன்படுத்தப் போகிறேன், யார் தூக்குவார், எந்த மின்சாரத்திலே ஓடும், பழுதானால் யார் திருத்துவார், என் உயிருக்குக் காப்பு உண்டா என்ற ஐந்தையும் கேட்டுவிட்டு, விலையை ஆறாவதாகக் கேளுங்கள். வீட்டிலே தாய் தந்தையர் சேர்த்து வைத்த பணம் எத்தனை நாள் உழைப்பு என்பதை அறிந்தவர்களுக்கு இவ்வைந்து கேள்விகளும் தாமே நாவில் வரும்.